முள்ளுக் கத்திரிக்காயும் மூன்று சொத்தையும்

எங்கள் வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம், ஆனால் காம்பில் இருக்கும் முள் என்னவோ அப்படியேதான் இருக்கிறது. பொறுக்கி எடுக்கப் போனால் விரலில் குத்தும் என்பதால், நேதாஜி மார்க்கெட்டில் கைக்கு வந்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வருகிற ஆள் நான். வீட்டில் திட்டு விழுந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கூறில் 10 காய், அதில் 3 சொத்தை என்று வைத்துக்கொள்வோம். பார்க்காமல் 2 எடுக்கிறேன். குறைந்தது ஒன்று சொத்தையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

பத்தாவது படிக்கும் அக்கா மகனைக் கேட்டேன். 3/10, இன்னொரு 3/10, மொத்தம் 6/10 என்றான் பட்டென்று. தப்பு, ஆனால் நல்ல தப்பு. இரண்டுமே சொத்தையாக அமையும் சந்தர்ப்பத்தை அவன் இரண்டு தடவை எண்ணிவிட்டான்.

"அப்போ ஒரு தடவை கழிச்சிடணுமா மாமா?"

கழிக்கலாம். அதற்கு ஜோடிகளை எண்ணத் தெரிய வேண்டும். முதல் காய்க்கு 10 வழி, அடுத்ததற்கு 9, ஆக 90. ஆனால் இந்தக் காயை முதலில் எடுத்தேனா அதையா என்பது குழம்புக்குத் தெரியாது, ஒவ்வொரு ஜோடியும் 90-க்குள் இரண்டு முறை வந்திருக்கிறது, அதனால் 45 ஜோடிதான். இதைத்தான் பள்ளியில் சேர்வு என்கிறார்கள். இதுவே பத்துப் பேரில் ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர் என்றால் யார் எந்தப் பதவி என்பது முக்கியம், அங்கே 90 அப்படியே நிற்கும், அது வரிசை மாற்றம். பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு வரிசை முக்கியமா என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் மார்க் போகிற இடம்.

சரி, 3 சொத்தைக்குள் அமையும் ஜோடிகள் 3. 6/10 என்பது 27/45, அதில் 3/45 போனால் 24/45, அதாவது 8/15. பாதிக்கு மேல்!

இதைவிடச் சுருக்கமான வழி, தலைகீழாகப் பார்ப்பது. இரண்டுமே நல்ல காயாக இருக்க 7/10 × 6/9 = 7/15. ஒன்றிலிருந்து கழித்தால் அதே 8/15. 'குறைந்தது ஒன்று' என்று கேள்வியில் பார்த்தாலே நான் இந்தப் பக்கம்தான் ஓடுவேன்.

3 காய் எடுத்தால்? 10 × 9 × 8 = 720. இதை 3-ஆல் வகுக்கத்தான் கை போகும், ஆனால் மூன்று காய் 6 விதமாக வரிசையில் நிற்கும், ஆகவே 6-ஆல் வகுத்து 120. எல்லாமே நல்ல காயாக 7 × 6 × 5 ÷ 6 = 35. மீதி 85/120, நூற்றுக்குச் சுமார் 71. எட்டுக் காய் எடுத்தால் கணக்கே வேண்டாம், கூறில் நல்லது ஏழுதான்.