பார்டரைக் கடைசியில் போடுங்கள்

பணி ஓய்வு விழா ஒன்றுக்காக 140 படங்களை ஸ்லைடுஷோவாகத் தொகுத்துக் கொடுத்திருந்தேன். ஐந்து பேரிடமிருந்து வந்த படங்கள். கேமராவில் எடுத்தவை, கைப்பேசியில் எடுத்தவை, பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்தவை, செயலிகள் வழியாகக் கைமாறிக் கைமாறி நசுங்கி வந்தவை. எல்லாம் ஒரே தொகுப்பாகத் தெரியட்டும் என்று வெள்ளைப் பின்னணியில் ஒவ்வொன்றுக்கும் 20 பிக்சல் கறுப்பு பார்டர் போட்டேன். ஒரே கட்டளையில் ஓடி முடிந்த வேலை. அரங்கத்துத் திரையில் பார்த்தால், சில படங்களில் பார்டர் மயிரிழை, சிலவற்றில் விரல் தடிமன். "அந்தப் படங்களுக்கு மட்டும் ஏன் இரங்கல் அறிவிப்பு மாதிரி கட்டம் கட்டியிருக்கிறார்கள்?" என்று பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. படத்தில் இருந்தவரோ முன்வரிசையில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 6000 × 4000 பிக்சல் படத்தின் நான்கு பக்கமும் 20 பிக்சல் சேர்த்தால் உயரம் 4040. அதை 1080 பிக்சல் உயரமுள்ள திரைக்குச் சுருக்கும்போது பார்டரும் சேர்ந்து சுருங்கி 5 பிக்சலில் வந்து நிற்கிறது. அதே கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படத்தில் அது 4 பிக்சல்கூட இல்லை. செயலி வழியாக வந்த 1600 × 1200 படத்திலோ 17 பிக்சல். மூன்றுக்கும் நான் போட்டது அதே 20 தான். ஆனால் திரைக்கு வருமுன் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விகிதத்தில் சுருங்குகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

இதைச் சொன்னதும் பலர் "அப்படியானால் சதவீதத்தில் போடலாமே" என்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதைச் செய்து பார்த்தவன்தான். அகலத்தில் 2 சதவீதம், உயரத்தில் 2 சதவீதம் என்றால், 6000 × 4000 படத்துக்குப் பக்கவாட்டில் 120 பிக்சலும் மேலும் கீழும் 80 பிக்சலும் கிடைக்கும். ஒரே படத்துக்குள்ளேயே பார்டர் சமமாக இல்லை. நீண்ட பக்கத்தை மட்டும் அடிப்படையாக வைத்து 120 பிக்சல் போட்டாலும், கிடைமட்டப் படத்தில் திரையில் தெரிவது ஏறக்குறைய 31 பிக்சல், செங்குத்துப் படத்தில் 21.

ஆகவே முதலில் வெட்டுங்கள், நிறத்தைச் சரிசெய்யுங்கள், திரை அளவுக்குச் சுருக்குங்கள், கூர்மைப்படுத்துங்கள். பார்டர் அதன் பிறகுதான். கூர்மைப்படுத்துவதை அதற்குப் பின்னால் தள்ளினால் பார்டரும் படமும் சேரும் இடத்தில் வெளிறிய ஒளிக்கோடு ஒன்று முளைக்கும். 1920 × 1080 திரைக்கு நான் பார்டரோடு சேர்த்து 1000 பிக்சல் உயரத்தைத் தாண்டுவதில்லை. 6 பிக்சல் பார்டர் என்றால் படத்துக்கு 988. சில தொலைக்காட்சிகள் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை விழுங்கிவிடும். விளிம்பை ஒட்டிப் போட்ட பார்டர் அங்கே ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் காணாமல் போகும்.

ஸ்லைடுஷோ மென்பொருளே பார்டரை வரைந்து கொடுக்குமானால் படத்தின் மீது கை வைக்கவே வேண்டாம். படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கின் ஸ்லைடுஷோ பகுதியில் இந்த வசதி உண்டு. பவர்பாயின்டில் பார்டரின் தடிமன் பாயின்ட் (அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு) அளவில் இருப்பதால், படத்தை இழுத்துப் பெரிதாக்கினாலும் அது மாறாது. ஏழரை அங்குல உயர ஸ்லைடு என்பது 540 பாயின்ட். 1080 பிக்சல் திரையில் 1 பாயின்டுக்கு 2 பிக்சல் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். இமேஜ்மேஜிக் போன்ற கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் சுருக்கும் கட்டளையை முன்னாலும் பார்டர் கட்டளையை அதற்குப் பின்னாலும் எழுத வேண்டும். அதிலுள்ள மாக்ரிஃபை (mogrify) என்ற கட்டளை மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். நகல் எடுக்காமல் இரண்டு முறை ஓட்டினால் பார்டருக்கே பார்டர் விழும். மூலப் படம் என்று கையில் எதுவும் மிஞ்சாது.

கைப்பேசிப் படங்களில் இன்னொரு கண்ணி. செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் பல கைப்பேசிகள் படத்தைக் கிடைமட்டமாகவே சேமித்து, "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்புக்குள் எழுதிவைக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத கருவியில், உடனடி அச்சுப் படங்களைப் போல அடிப்பக்கம் மட்டும் அகலமான பார்டர் போட்டுப் பாருங்கள். அகலப் பட்டை இடப்பக்கத்தில் போய் நிற்கும். முதலில் படத்தை நிஜமாகவே திருப்பிச் சேமித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

35 மில்லிமீட்டர் ஸ்லைடு காலத்தில் இந்தப் பேச்சே எழவில்லை. ஐந்து சென்டிமீட்டர் சதுரச் சட்டத்துக்குள் படச்சுருள் துண்டு உட்கார்ந்திருக்கும். சட்டத்தின் விளிம்புதான் படத்தின் விளிம்பு. செங்குத்துப் படத்துக்குச் சட்டத்தைத் திருப்பிச் செருகினால் முடிந்தது. திரை அகலமாகிவிட்ட பிறகு செங்குத்துப் படம் நடுவில் ஒடுங்கி நிற்கிறது. கிடைமட்டப் படம் 1500 × 1000 பிக்சல் என்றால் செங்குத்துப் படம் 667 × 1000 தான். இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து மாறும்போது இரண்டு பார்டர்களும் ஒரு கணம் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். ஒரே அளவுள்ள படங்கள் அடுத்தடுத்து வந்தால் பார்டர் அசையாமல் நிற்க, உள்ளே காட்சி மட்டும் மாறும். ஸ்லைடுஷோவில் எனக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான். அதற்காகவே செங்குத்துப் படங்களை முடிந்தவரை ஒரே கொத்தாக வைக்கிறேன். கொத்து மாறும் இடத்தில் மட்டும் திரையை முழுதும் இருட்டாக்கி அடுத்த படத்துக்குப் போகிறேன்.

தடிமனையும் நிறத்தையும் பற்றி எனக்குப் பிடிவாதங்கள் உண்டு. 1 பிக்சல் கோடு வேண்டாம். படம் மெல்ல நகரும் வகை ஸ்லைடுஷோவில் அது புழுப்போல நெளியும். வீடியோவாக மாற்றப்போகிறீர்கள் என்றால் மெல்லிய சிவப்புக் கோட்டையும் மறந்துவிடுங்கள். வழக்கமான வீடியோ கோப்புகளில் நான்கு பிக்சலுக்கு ஒரே ஒரு நிறத் தகவல்தான் சேமிக்கப்படுகிறது. வெளிச்சம் கூர்மையாக இருக்க, நிறம் மட்டும் பக்கத்தில் கசியும். சாம்பல் கோட்டில் கசிய நிறம் இல்லை. கறுப்புப் பின்னணியில் பளீர் வெள்ளையும் ஆபத்து. மங்கிய ஒளியில் எடுத்த படத்தைச் சுற்றி அதைப் போட்டால் படம் இன்னும் இருண்டு தெரியும். நடுத்தரச் சாம்பலில் 4 அல்லது 6 பிக்சல், தொகுப்பு முழுவதற்கும் அதே. ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு நிறத்தை எடுத்து அதற்கேற்ற பார்டர் போடும் ஆசை எல்லோருக்கும் ஒருமுறை வரும். மூன்றாவது படத்திலேயே பார்வையாளர் படத்தை விட்டு பார்டரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். நிழல், வளைந்த மூலை, புடைப்பு விளிம்பு ஆகியவற்றைக் கேட்டு வருபவர்களிடம் நான் வாதிடுவதில்லை. அவை உள்ளதும் இல்லாததுமாக இரண்டு மாதிரிகளையும் ஓட்டிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

கொடுப்பதற்கு முன் நான் செய்யும் சோதனை இது. ஒவ்வொரு படத்துக்கும் கால் நொடி என்று வைத்து, முழுத் தொகுப்பையும் பார்டரின் ஒரு மூலையை மட்டும் பார்த்தபடி ஓட்டுகிறேன். 140 படங்கள் 35 நொடியில் முடிந்துவிடும். கொத்து மாறும் இடங்களைத் தவிர வேறெங்காவது மூலை துள்ளினால் அந்தப் படத்தின் எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். பெரும்பாலும் அது கடைசி நிமிடத்தில் யாரோ அனுப்பி, நான் அவசரமாக நடுவில் செருகிய படமாகத்தான் இருக்கிறது.