ரொட்டி விக்குவதற்கு முன்

என் அப்பாயிக்குத் தொண்டையில் முதலில் விக்கியது ரொட்டிதான். காலையில் கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும் என்று அறுபது வருசம் ஓட்டியவர், ஒருநாள் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடத் தொடங்கினார். "பல்லு போயிருச்சு, அதான்" என்றார். நாங்களும் நம்பினோம். பிறகு ரொட்டியை விட்டுச் சோறு. சோற்றுக்கு ரசம் கூடிக்கொண்டே போனது. பிறகு கஞ்சி. கஞ்சியும் இறங்காமல் திரும்பி வந்த அன்றுதான் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனோம். அதற்குள் ஐந்து மாதம் கழிந்திருந்தது.

அங்கிருந்து அனுப்பிய ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "முதல்ல விக்குனது எது, ரொட்டியா, தண்ணியா?" இதெல்லாம் ஒரு கேள்வியா என்று அப்போது நினைத்தேன். அப்பாயிக்கு வந்திருந்தது உணவுக்குழாய்ப் புற்றுநோய். பாதி நோயறிதல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது எனப் பிறகுதான் புரிந்தது.

உணவுக்குழாயைப் பள்ளிக்கூடத்தில் 'களம்' என்று படித்திருப்போம். ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமான தசைக்குழாய். சும்மா இருக்கும்போது சப்பையாகக் கிடக்கும், உணவு வந்தால் 2 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்துகொடுக்கும். இந்த விரிந்துகொடுக்கும் குணம்தான் நம்மை ஏமாற்றுகிறது. உள்ளே ஒரு பக்கத்தில் கட்டி வளர்ந்தாலும் மறுபக்கம் விரிந்து உணவை இறக்கிவிடும். வழி சுமார் 13 மில்லிமீட்டராகக் குறுகும்போதுதான் ரொட்டி, இறைச்சி போன்ற கட்டியான உணவுகள் நிற்கத் தொடங்கும். அதன்பின் சோறு, கடைசியில் தண்ணீர். ரொட்டியில் தொடங்கித் தண்ணீரில் முடியும் இந்த வரிசை, வழியை ஏதோ அடைக்கிறது என்பதற்கு அடையாளம். குழாயின் நரம்போ தசையோ பழுதானால் ரொட்டியும் தண்ணீரும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்தே விக்கும்.

ஆக, விக்கத் தொடங்கும் நாளில் நோய் இளையதல்ல. இன்னொரு கெட்ட செய்தியும் உண்டு. வயிறு, குடல் ஆகியவற்றைச் சுற்றி வெளிப்புறத்தில் மெல்லிய சவ்வுறை இருக்கிறது. உணவுக்குழாயின் பெரும்பகுதிக்கு அது இல்லை. பக்கத்தில் மூச்சுக்குழாய், பெருநாடி. சுவரைத் தாண்டும் கட்டிக்கு வேலி கிடையாது. நிணநீர்க்குழாய்களும் உள்வரிக்கு மிக அருகிலேயே ஓடுவதால், ஒரு சில மில்லிமீட்டர் ஆழம் போனாலே பரவும் வழி திறந்துவிடுகிறது. இந்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி இரண்டே கேள்விகளைச் சுற்றுகிறது: விக்குவதற்கு முன் எப்படிப் பார்ப்பது? விக்கிய பிறகு வந்தவரை எந்த வரிசையில் வைத்தியம் செய்வது?

அதற்கு முன், ஏன் வருகிறது என்பதையும் கொஞ்சம் பேசவேண்டும். இலங்கையின் மலையகத்தில் இதைப் பேசாமல் போகமுடியாது.

உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருவகை. மேற்கு நாடுகளில் பெருகியிருப்பது, இரைப்பை அமிலம் மேலேறி அடிப்பகுதியைப் புண்ணாக்குவதால் வரும் சுரப்பி வகை. இலங்கையிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் அதிகம் காண்பது, உள்வரியின் தட்டைக் கலங்களில் பிறக்கும் செதிள்கல வகை. இதற்கு அமிலத்தைவிட வாய்வழியாக நாம் உள்ளே அனுப்புபவைதான் காரணம். புகை, சாராயம், வெற்றிலை.

மலைக்கு ஏறும் பெண்ணின் மடியில் வெற்றிலைப் பை இல்லாத காலத்தை நான் பார்த்ததில்லை. குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. "பொயிலை போடாம வெறும் பாக்கு போட்டா ஒண்ணும் செய்யாது" என்று தோட்டத்து லய வீடுகளில் அடிக்கடி கேட்கலாம். அது தவறு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே புகையிலை சேர்த்த வெற்றிலையை மட்டுமல்ல, சேர்க்காததையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருளிலிருந்து நைட்ரோசமின்கள் என்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் உருவாகின்றன. சுண்ணாம்பு அந்தக் கலவையைக் காரமாக்க, கலங்களைத் தாக்கும் ஒட்சிசன் மூலிகங்கள் பிறக்கின்றன. துப்பினாலும் வாய்க்குக் கேடு, விழுங்கினால் களத்துக்கும் சேர்த்து.

அடுத்தது சூடு. அதே முகவரகம் 2016இல், 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பானங்களைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகுப்பில் சேர்த்தது. குற்றவாளி தேயிலை அல்ல, வெப்பம். நம் கொழுந்துக்கு அவப்பெயர் வேண்டாம்!

இதற்கான வலுவான ஆதாரங்களில் ஒன்று வடகிழக்கு ஈரானின் கொலெஸ்தான் பகுதியிலிருந்து வந்தது. அங்கே 50,045 பேரைச் சேர்த்தார்கள். சூடாகக் குடிப்பீர்களா என்று வாயால் கேட்டால் ஒவ்வொருவருக்கும் சூடு வேறு. ஆகவே தேத்தண்ணி ஊற்றி, வெப்பமானி போட்டு, 75 பாகையில் ஒரு வாய் பருகச் சொன்னார்கள். இதுதான் உங்கள் சூடா? இல்லையென்றால் 5 பாகை ஆறவிட்டு மறுபடி. இப்படி அளந்துவிட்டுப் பத்தாண்டளவு பின்தொடர்ந்தார்கள். 60 பாகைக்கு மேல், நாளொன்றுக்கு 700 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தவர்களுக்கு, குறைவாகவும் ஆறவைத்தும் குடித்தவர்களைவிட அபாயம் சுமார் 90 சதவீதம் கூடுதல். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்த 50,045 பேரில் இந்நோய் வந்தவர்கள் 317 பேர். சிறிய அபாயம் இரட்டிப்பாவது ஒன்று, பெரிய அபாயம் இரட்டிப்பாவது வேறொன்று. பத்திரிகைத் தலைப்புகள் இதைச் சொல்வதில்லை.

என் வீடு ஹட்டனுக்கு மேலே. வெப்பமானி ஒன்று வாங்கி நானும் அளந்து பார்த்தேன். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கேத்தலில் தண்ணீர் 95இலேயே கொதித்துவிட்டது. நுவரெலியாவில் அது 94 அளவில் இருக்கும். மலையில் தேத்தண்ணி சூடு குறைவு என்று மகிழ்ந்துவிட முடியாது. கிளாசில் ஊற்றியபோது 84, அப்படியே வைத்தால் 65க்கு இறங்க ஒன்பது நிமிடம். இரண்டு கோப்பைகளுக்கிடையே நாலு தரம் தூக்கி ஆற்றியபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சரி, பார்ப்பதற்கு வருவோம். 1868இல் ஜெர்மானிய மருத்துவர் அடொல்ப் குஸ்மால், உணவுக்குழாய்க்குள் ஒரு நேர்க்குழாயை விட்டுப் பார்க்க விரும்பினார். யார் தொண்டையைக் கொடுப்பார்? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்தார்.  இன்று நாம் 'கெமரா விடுறது' என்று சொல்லும் எண்டொஸ்கோப்பி சுண்டுவிரல் தடிப்பில், வளையக்கூடியது. கட்டி தெரிந்தால் அதன் வழியே சிறு துண்டுகள் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள்.

வளர்ந்த கட்டியை யாரும் பார்த்துவிடலாம். ஆரம்பக் கறை, பக்கத்துத் தோலைப் போலவே இருக்கும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது: அயடீன். மாப்பொருளில் அயடீன் விட்டால் கருநீலமாகும் என்று பள்ளியில் பார்த்திருக்கிறோம். உணவுக்குழாயின் ஆரோக்கியமான உள்வரிக் கலங்கள் கிளைக்கோசன் என்ற சேமிப்புச் சர்க்கரையை வைத்திருக்கின்றன. 1829இல் பிரெஞ்சு மருத்துவர் லூகோல் தயாரித்த அயடீன் கரைசலை உள்ளே தெளித்தால் அவை கபில நிறமாகும். புற்றாக மாறும் கலங்களிடம் அந்தச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கும். அவை நிறம் பிடிக்காமல் வெளிறி நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் அந்த வெளிறிய இடம் இளஞ்சிவப்பானால் சந்தேகம் வலுக்கிறது. விலையோ மிகச் சொற்பம். நெஞ்சு எரியும் என்பதுதான் குறை. இப்போது சாயமே இல்லாமல், 415, 540 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீல, பச்சை ஒளியை மட்டும் பாய்ச்சும் கருவிகளும் உண்டு. இரத்தம் அந்த ஒளிகளை விழுங்குவதால், உள்வரியின் நுண்குழாய்கள் கருங்கோடுகளாகத் தெரியும். அவை முறுக்கிக்கொண்டு தடித்திருந்தால் அங்கே துண்டு எடுப்பார்கள்.

இந்தக் கட்டத்தில் அகப்பட்டால் நெஞ்சைத் திறக்கவே வேண்டாம். கெமரா வழியாகவே உள்வரியை மட்டும் உரித்தெடுத்துவிடலாம்.

பிந்தி வந்தவர்களுக்கு? முன்பெல்லாம் உடனே கத்தி. உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையைக் குழாயாக்கி மேலே இழுத்துத் தைப்பார்கள். உடம்பை உலுக்கும் சத்திரசிகிச்சை அது. நெதர்லாந்தில் 2004 முதல் 2008 வரை 366 நோயாளிகளிடம் வேறொரு வரிசையைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நேரே சத்திரசிகிச்சை. மறுபகுதிக்கு முதலில் ஐந்து வாரம், வாரம் ஒருமுறை கார்போபிளாட்டின், பக்லிடாக்சல் மருந்துகள், கூடவே 23 தடவை கதிர்ச்சிகிச்சை. பிறகுதான் கத்தி. மருந்து கட்டியைச் சுருக்குவதோடு கலங்களைக் கதிருக்கு இளக்கமாக்குகிறது. எல்லோரையும் சேர்த்துப் பார்க்கையில் நடுநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் உயிரோடிருக்கும் காலம், 24 மாதத்திலிருந்து 49 மாதமானது. நம்மிடம் அதிகமுள்ள செதிள்கல வகையில், நீண்டகாலக் கணக்கில் 21 மாதம் 81 மாதமாக ஏறியது. ஐயோ, ஒரே கத்தி, முன்னால் என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

வெட்டியெடுத்த திசுவைச் சோதித்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது: செதிள்கல வகையினரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அதில் புற்றுநோய்க் கலமே மிஞ்சியிருக்கவில்லை. அப்படியானால் ஏன் வெட்டினோம்? இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு நெதர்லாந்தில் அடுத்த ஆய்வு நடந்தது. கட்டி மறைந்ததாகத் தோன்றியவர்களில் ஒரு பகுதியினரை வெட்டாமல், முதலாண்டில் 3 மாதத்துக்கொரு தரம் கெமராவும் ஸ்கானும் செய்து கவனித்தார்கள். மீண்டும் தலைகாட்டினால் மட்டும் கத்தி. 2025இல் வெளியான முடிவு: இரண்டாண்டில் உயிரோடிருந்தவர்கள் கவனிக்கப்பட்டவர்களில் 74 சதவீதம், காத்திராமல் வெட்டப்பட்டவர்களில் 71 சதவீதம்.

அதை அப்படியே மலைக்கு இறக்குமதி செய்துவிடலாமா என்பதில் எனக்குத் தயக்கம். 23 தடவை கதிர் என்றால் வாரத்தில் ஐந்து நாளும், கதிர்ச்சிகிச்சை நடக்கும் கண்டியிலோ மகரகமவிலோ இருக்கவேண்டும். அந்த நாட்களுக்குத் தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் பேர் விழாது. 3 மாதத்துக்கொரு தரம் திரும்பி வருபவருக்குத்தான் கவனித்திருப்பது வைத்தியம். மண்சரிவில் பாதை மூடிய மாதத்தில் அது வெறும் காத்திருப்பு.

மருந்தும் கதிரும் கொடுத்த பிறகும், வெட்டியெடுத்த திசுவில் புற்றுநோய்க் கலம் மிச்சமிருந்தவர்களுக்கு, உடலின் எதிர்ப்புக் கலங்களை அவிழ்த்துவிடும் நிவோலுமாப் என்ற மருந்து, நோய் திரும்பாத நடுநிலைக் காலத்தை 11 மாதத்திலிருந்து 22 மாதமாக்கியது. 2021இல் வந்த முடிவு. விலை கேட்டால் தலை சுற்றும்.

அப்பாயிக்கு இவை எதுவும் பொருந்தவில்லை. கட்டி பெருநாடியைத் தொட்டிருந்தது, ஈரலுக்கும் போயிருந்தது. செய்யக்கூடியது ஸ்டென்ட் மட்டும். சுருக்கி மடித்த உலோக வலைக்குழாயைக் கெமரா வழியே இறக்குவார்கள். அது உள்ளே போய் மெல்ல விரிந்து அடைப்பைத் தள்ளிப்பிடிக்கும். கட்டியைக் குணப்படுத்தாது, விழுங்க வழிவிடும். மறுநாள் கஞ்சி தங்குதடையில்லாமல் இறங்கியது. இரண்டு கோப்பை குடித்துவிட்டு ரொட்டி கேட்டார். வலைக்குள் சிக்கிவிடும் என்று நர்ஸ் தரவில்லை. அன்றைக்கு அவருக்கு நர்ஸ் மேல்தான் கோபம்.