நிறுவியாயிற்று, ஆனால் எழமாட்டேன் என்கிறது

மூலையில் கிடந்த பழைய லேப்டாப்பைச் சர்வராக்க நினைத்து லினக்ஸை நிறுவுகிறீர்கள். இன்ஸ்டாலர் "முடிந்தது" என்கிறது. யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு ரீபூட் செய்தால், கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கிறது. பலரும் உடனே மறுபடி முதலிலிருந்து நிறுவுவார்கள். அதே மாதிரி நிறுவினால் அதே கோடுதான் சிமிட்டும். லினக்ஸ் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாகவே இருக்கிறது. அதைப் போய் எழுப்ப வேண்டியவருக்குத்தான் வழி தெரியவில்லை.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல். அதன் பழைய ரகமான பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. டிஸ்கின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டை, மெமரியில் ஏற்றும். கடைசி 2 பைட்டில் பூட் முத்திரை இருந்தால் அங்கே தாவிவிடும். டிஸ்கின் பிரிவுகளைக் குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட், முத்திரைக்கு 2 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும் என்பதால், இந்தப் பத்திகூட அதற்குள் அடங்காது.

அதனால் லினக்ஸை எழுப்பிவிடும் நிரலான கிரப் என்ற பூட்லோடர் தன்னைத் துண்டு போட்டுக்கொள்கிறது. 446 பைட்டில் உட்காரும் துண்டுக்கு, அடுத்த துண்டு எந்த செக்டாரில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்த இரண்டாவது துண்டு, முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவிலுள்ள காலி இடத்தில் ஒளிந்திருக்கும். கோப்புகளைப் படிக்கத் தெரிந்தது அதுதான். ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறையில் பிரித்த டிஸ்கில் அந்த நடு இடத்தில் ஜிபிடி அட்டவணையே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே பயாஸ் இயந்திரத்தில் ஜிபிடி வேண்டுமென்றால், கிரப்புக்கென்று 1 எம்பி அளவில் தனியாக ஒரு பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒதுக்க வேண்டும். அதை ஒதுக்கிய பிறகும் சில பயாஸ்கள் முரண்டு பிடிக்கும்: முதல் செக்டார் அட்டவணையில் எந்தப் பார்ட்டிஷனிலும் "ஆக்டிவ்" கொடி இல்லையென்றால், பூட் செய்ய டிஸ்கே இல்லை என்று சாதிக்கும். கொடியைப் போட்டால் வழிவிடும்.

பயாஸுக்குப் பின் வந்த ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ வேறு ரகம். ஃபேட் வடிவத்தில் உள்ள பார்ட்டிஷனைத் தானே படித்து, அதிலுள்ள பூட் கோப்பை ஓட்டும். தொல்லை என்னவென்றால், இடைக்கால லேப்டாப்புகள் இரண்டு முறையிலும் பூட் ஆகும். யூஎஸ்பி எந்த முறையில் பூட் ஆனதோ, அதே முறைக்கே இன்ஸ்டாலரும் நிறுவும். பூட் மெனுவில் ஒரே யூஎஸ்பி இரண்டு தடவை தெரிகிறதா? அங்கேதான் கோட்டை விடுகிறோம். யூஇஎஃப்ஐ வழியாக நிறுவிவிட்டு, ஃபர்ம்வேர் அமைப்பில் "லெகசி" (பழைய பயாஸ் முறை) இருந்தால், மேலே சொன்ன கோடுதான் கதி. நிறுவாமல் யூஎஸ்பியிலிருந்தே லினக்ஸை லைவ்வாக ஓட்டி, சிஸ் (sys) கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு கோப்புறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இப்போது யூஇஎஃப்ஐ முறையில் இருக்கிறீர்கள். முறை பொருந்தியும் எழவில்லையென்றால், ஃபர்ம்வேர் தன் பூட் பட்டியலையே மதிக்காத ரகமாக இருக்கலாம். கிரப்பின் பிரதி ஒன்றை இஎஃப்ஐ பார்ட்டிஷனின் பொதுவான "பூட்" கோப்புறையில், பூட்எக்ஸ்64 என்ற பெயரில் வைத்தால் பெரும்பாலும் பணிந்துவிடும்.

எனக்குப் பிடித்த கோளாறு இன்னொன்று: யூஎஸ்பி செருகியிருந்தால் மட்டும் சர்வர் எழும். கிரப்பை ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக யூஎஸ்பியிலேயே எழுதியிருப்போம். இன்ஸ்டாலரில் டிஸ்கின் பெயரைப் பார்க்காமல், அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்று வந்தால் பாதி ஜெயித்தாயிற்று: இரண்டாவது துண்டு ஓடுகிறது, மீதிக் கோப்புகள்தான் அதன் கண்ணில் படவில்லை. "இனிட்ராம்எஃப்எஸ்" என்று நின்றால் லினக்ஸின் மையமான கெர்னலே வந்துவிட்டது. லினக்ஸ் நிறுவிய ரூட் பார்ட்டிஷனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. கெர்னல் தொடங்கியதும் திரை இருண்டால் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகியுங்கள்; கிரப்பில் கெர்னலுக்கான வரியில் "நோமோட்செட்" (nomodeset) சேர்த்துப் பார்க்கலாம்.

நேற்றுவரை எழுந்தது இன்று எழவில்லையென்றால் மதர்போர்டின் சிறு பேட்டரியைப் பாருங்கள். அது செத்தால் கடிகாரம் பின்னோக்கிப் போவதோடு, நீங்கள் மாற்றி வைத்த பூட் முறையும் பழையபடி ஆகிவிடக்கூடும். நன்றாக ஓடிய சர்வர் மூடியைச் சாத்தியதும் காணாமல் போனால் அது பூட் கோளாறே அல்ல, தூங்கிவிட்டது. லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில், லாகின்டி (logind) அமைப்பில் மூடிக்கான வரியை "இக்னோர்" என்று மாற்றுங்கள்.