ஃபைப்ரோசிஸ்: நார்த்திசு மிகைப்பு

ஃபைப்ரோசிஸ், பெயர்ச்சொல். ஓர் உறுப்பில் இணைப்புத் திசு, முக்கியமாகக் கொலாஜன் என்னும் புரத நார், அளவுக்கு மீறிச் சேர்ந்து அவ்வுறுப்பு இயங்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நிலை. 'ஃபைப்ரா' இலத்தீன் சொல். நார், இழை என்று பொருள். 'ஓசிஸ்' கிரேக்க விகுதி. நோயியலில் பிறழ்ந்த நிலையைச் சுட்டும்.

நுரையீரலைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் தொல்லை தருவதில்லை. எலும்புத்தசைக்கு வந்தால்தான் சிக்கல். ஆங்கிலத்தில் தசைச் செல்லுக்கும் 'ஃபைபர்' என்றே பெயர். 'தசைநார்ப் பெருக்கம்' என்று பெயர்த்தால், தசை பருத்து வலுப்பெற்றதாகப் படிப்பவர் நினைப்பார். நடப்பதோ நேர்மாறு: தசைச் செல்கள் அழிய, அவற்றின் இடத்தில் சுருங்கி விரியாத கொலாஜன் படிகிறது. அதனால் தசைச் செல்லைத் 'தசையிழை' என்றும், கொலாஜனை மட்டும் 'நார்' என்றும், எலும்போடு தசையைப் பிணைப்பதைத் 'தசைநாண்' என்றும் பிரித்து எழுதுவதே சரி.

'பெருக்கம்' வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயிரியலில் அது செல் பிரிந்து பெருகுவதைக் குறிக்கும். இங்கே குவிவது செல்லுக்கு வெளியே உள்ள பொருள். நலமான தசையிலும் ஒவ்வொரு தசையிழையைச் சுற்றியும் மெல்லிய கொலாஜன் உறை இருக்கிறது. நார் இருப்பது நோயன்று, மிகுவதே நோய். ஆகவே 'மிகைப்பு'. 'தழும்பு' ஓரளவே பொருந்தும்: காயம் ஆறியதும் தழும்பு வளர்வது நின்றுவிடும், டுஷேன் தசைச்சிதைவு என்னும் மரபுவழித் தசைநோய் போன்றவற்றில் சேதம் ஓயாததால் நார் படிவதும் ஓய்வதில்லை.

நாரை உண்டாக்குபவற்றில் முதன்மையானவை 2010இல் எலித்தசையில் விவரிக்கப்பட்ட நார்-கொழுப்பு முன்னோடிச் செல்கள், அதாவது நார் சுரக்கும் செல்லாகவோ கொழுப்புச் செல்லாகவோ மாறக்கூடியவை. காயம் பட்டதும் இவை சில நாள் பெருகி, தசையிழை மீண்டும் உருவாக உதவுகின்றன. பின்னர் மேக்ரோஃபேஜ்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதம் இவற்றை மடியச் செய்கிறது. நாட்பட்ட சேதத்தில் டிஜிஎஃப்-பீட்டா என்ற மற்றொரு சமிக்ஞைப் புரதம் மேலோங்கி, மடிய வேண்டிய செல்களைத் தங்கவைத்துக் கொலாஜன் சுரக்கத் தூண்டுகிறது.

அளப்பதில் கவனம் வேண்டும். தசைத்துண்டை நேராகத் திரவ நைட்ரஜனில் போட்டால், சுற்றிலும் வாயுப் படலம் எழுந்து உறைதல் தாமதமாகும். பனிப்படிகங்கள் திசுவில் ஓட்டை போடும். ஆகவே நைட்ரஜனில் குளிர்வித்த ஐசோபென்டேன் என்னும் திரவத்தில் உறையவைத்து, 8 முதல் 10 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, கொலாஜனைச் சிவப்பாகக் காட்டும் பிக்ரோசிரியஸ் சிவப்பால் சாயமேற்றிச் சிவந்த பரப்பின் விழுக்காட்டைக் கணக்கிடுவார்கள். ஒரே சீவலை நம்பிவிடக் கூடாது. நார் தசை முழுதும் சமமாகப் படிவதில்லை. வேதிமுறையில், கொலாஜனில் மிகுந்துள்ள ஹைட்ராக்சிபுரோலின் என்னும் அமினோ அமிலத்தை அளக்கலாம். கொலாஜனின் எடையில் அது ஏறத்தாழ 13 முதல் 14 விழுக்காடு. மாதிரியில் தசைநாண் துணுக்கு ஒட்டியிருந்தால் போதும், அதிலுள்ள கொலாஜனும் சேர்ந்து எண் பொய்யாக ஏறிவிடும்.

செல் வளர்ப்பிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். தசையின் விறைப்பு சுமார் 12 கிலோபாஸ்கல் (அழுத்த அலகு). வளர்ப்புத் தட்டின் பிளாஸ்டிக் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு விறைப்பானது. அந்த விறைப்பே ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசுச் செல்லை மிகையாக நார் சுரக்கும் நிலைக்குத் தள்ளும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, மென்மையான ஜெல் மீதும் அதே செல்களை வளர்த்து ஒப்பிட வேண்டும்.