தூசணமும் ‘மோசமான மொழி’யும்

“குழந்தைகள் முன்னிலையில் மோசமான மொழியைப் பயன்படுத்தாதீர்கள்.” பெற்றோருக்கான அறிவுரைகளிலும் படங்களுக்கு முன்னால் வரும் எச்சரிக்கைகளிலும் இந்த வசனம் அலுக்க அலுக்க வந்துவிட்டது. திருகோணமலைச் சந்தையில் ஒரே மீன்கடை முன்னால் தமிழும் சிங்களமும் ஓடும். வெள்ளைக்காரர் வந்தால் ஆங்கிலமும் சேரும். இதில் எது மோசமான மொழி என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்த ஊரில் ஒரு மொழியை மோசம் என்று எழுதுவது விளையாட்டுக் காரியமும் அல்ல.

இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: தூசணம். வடமொழித் தூஷணம்தான். கெடுத்தல், பழித்தல் என்பது மூலப்பொருள். தமிழ் விவிலியத்தின் தேவதூஷணத்தில் அந்தப் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. இராமாயண அரக்கன் தூஷணனைக் கம்பர் தூடணன் ஆக்கினார். அந்தக் கணக்கில் இதுவும் தூடணம் ஆகியிருக்கவேண்டும். ஈழத்து வாய் தூசணம் ஆக்கிக்கொண்டது. பொருளும் ஆபாச ஏச்சு என்று ஒடுங்கிவிட்டது. “தூசணம் கதையாதை” என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

‘மோசமான மொழி’க்கு வக்காலத்து வாங்குவோர், மொழி என்றால் சொல் என்றும் பொருள் உண்டே, ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று இலக்கணமே சொல்கிறதே என்பார்கள். சரிதான். ஆனால் இந்த வசனத்தை எழுதியவர் நன்னூலைப் பார்த்து எழுதவில்லை, ஆங்கிலத்தின் ‘பேட் லாங்குவேஜ்’ என்பதைப் பார்த்து எழுதினார். ‘வசைச்சொல்’ என்போர் இன்னொரு பக்கம். வசை பாடக் காளமேகம் என்பது தமிழ் மரபு, அது வித்தை. பஸ்ஸில் இடிபட்டவர் கொட்டுவதை வசை என்றால் அவருக்குப் புலவர் பட்டம் கொடுத்ததாகிவிடும். ‘கெட்ட வார்த்தை’ தமிழகத்து நாடகங்களோடு வந்து குடியேறியது. புரிகிறது, மறுக்கவில்லை, ஆனால் ‘சனியன்’, ‘மூதேவி’ முதல் உடலுறுப்புப் பெயர் வரை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டுகிறது. இங்கே சனியன் ஏச்சு, நாசமாய்ப் போ சாபம், மற்றது தூசணம். மூன்றுக்கும் அம்மம்மாவிடம் வெவ்வேறு தண்டனை உண்டு. படங்களின் அடிவரியில் தூசணம் பேசுகிறவனைச் ‘சபிக்கிறான்’ என்றும், ஆங்கிலத்தின் ‘ஸ்வெயர்’ என்பதைப் பார்த்து இன்னும் மோசமாகச் ‘சத்தியம் செய்கிறான்’ என்றும் போடுகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டை யார் சொல்வது?

பழைய தமிழில் இடக்கர் என்ற சொல் இருக்கிறது: அவையில் சொல்லத் தகாதது. அதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். தகுதி கருதி வேறு சொல்லால் சொல்லும் தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக நன்னூல் இதை வைக்கிறது. தொல்காப்பியம் ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்று விதி செய்ததோடு நிற்கவில்லை. ‘பீ’ என்ற சொல் அடுத்த சொல்லோடு புணரும் விதியைச் சொல்லவேண்டிய இடத்தில் அந்தச் சொல்லை வாயால் சொல்லாமல் ‘இடக்கர்ப் பெயர்’ என்று கடந்துபோகிறது. பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது தாய் செய்வதும் இதேதான்.

ஆகவே பெற்றோர் செய்யும் தந்திரத்துக்குப் பெயர் இடக்கரடக்கல். அவர்கள் மறைக்கும் சொல் இடக்கர். அதையே ஏச்சாக எறிந்தால் தூசணம்.

மொழிபெயர்த்த அறிவுரைகளில் இன்னொரு கூத்து: “அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள், குழந்தைக்குப் புரியாது.” ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு, ஆகவே மறையும். தமிழில் எழுத்துக்கூட்டினால் சொல்தான் மெதுவாக வெளியே வரும். ஓரெழுத்து ஒருமொழியான பீயை எப்படிக் கூட்டுவது? சிங்களத்துக்குத் தாவுவதும் இங்கே பலிக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடுகிறவன் அதைப் பெற்றோருக்கு முன்னமே படித்துவிடுவான்.

ஓரளவு பலிப்பது, முதல் எழுத்தோடு திரும்பிக்கொள்வது. ‘பு’ என்று தொடங்கியதைப் புண்ணாக்கில் கொண்டுபோய் முடிப்பார்கள். உதடு ஏற்கெனவே குவிந்துவிட்டதால் வேறு எழுத்துக்குத் தாவ முடியாது. அதே எழுத்தில் தொடங்கும் சாதுவான சொல்தான் வேண்டும். தவறிப்போவது குரலில். சின்னப் பிள்ளை பொருளைப் பிடிப்பதில்லை, வேகத்தைத்தான் பிடிக்கும். அதே வேகத்தில் ‘புண்ணாக்கு!’ என்று விருந்தாளியைப் பார்த்துக் கத்தும். அப்போது சிரித்தாலும் திரும்பச் சொல்லும், பதறிப் பாய்ந்தாலும் திரும்பச் சொல்லும். முகத்தை அசைக்காமல் வேறு பேச்சை எடுப்பதுதான் வழி. சொல்ல எளிது.

எல்லாவற்றையும் மறைக்கவும் வேண்டாம். ‘மறைக்குங்காலை மரீஇயது ஒராஅல்’ என்கிறது தொல்காப்பியத்தின் அடுத்த சூத்திரம்: வழங்கிப் பழகியதை மறைக்கத் தேவையில்லை. கக்கா, ஒண்டுக்கு, ரெண்டுக்கு எல்லாம் அந்த வகை. கக்கூசும் அப்படி நுழைந்ததுதான். 1795இல் பிரித்தானியர் திருகோணமலைக் கோட்டையைப் பிடிக்குமுன் இங்கிருந்த ஒல்லாந்தரின் சொல் அது. அவர்கள் பேச்சில் ‘கக்’ என்றால் தொல்காப்பியர் சொல்லாமல் விட்ட அதே பொருள், ‘ஹவுஸ்’ என்றால் வீடு. பிள்ளை முன்னால் பீ என்று சொல்லக் கூசிக் கக்கூஸ் என்கிறவர் அதையே டச்சில் சொல்கிறார். இப்போது கக்கூசும் நாறத் தொடங்கி ‘டொய்லெட்’ ஆகியிருக்கிறது.