போட்ட வழக்கும் போடாத வழக்கும்

போன மாதம் உயில் எழுத ஒரு பெரியவர் வந்திருந்தார். பட்டர்வொர்த்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையெழுத்தெல்லாம் முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"லாயரம்மா, அரசியல்வாதிங்க மேல போடற கேசெல்லாம் பழிவாங்கத்தானே?"

"எந்தக் கேசு ஐயா?"

"எல்லாந்தான். அதுலயும் நம்மாளு மேல போட்டது கண்டிப்பா பழிவாங்கல்தான்."

அவருடைய "நம்மாளு" யார் என்று நான் கேட்கவில்லை. பினாங்கில் அதைக் கேட்டால் அரை நாள் போய்விடும்.

ஜார்ஜ்டவுனில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. பெரியவரின் சந்தேகத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். அதற்குக் காரணம் நம் அரசமைப்புச் சட்டத்தின் 145-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. சட்டத்துறைத் தலைவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். அவர் அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசகர். குற்ற வழக்கைத் தொடுப்பது, நடத்துவது, பாதியில் நிறுத்துவது எல்லாம் அதே மனிதரின் விருப்புரிமை. ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம் பிடிக்கலாம், விசாரிக்கலாம், கோப்பைக் கட்டி அனுப்பலாம். கோப்பு வழக்காகுமா என்பது அவர் பேனாவில்தான் இருக்கிறது. காலையில் அமைச்சரவைக்கு ஆலோசனை சொன்னவரே மாலையில் அமைச்சர் ஒருவர் மேல் குற்றம் சாட்டலாமா என்று யோசிக்க வேண்டும். உட்காருபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த நாற்காலி சந்தேகத்தை வரவழைத்துவிடும். இரண்டு வேலைகளையும் பிரிக்கச் சொல்லி எங்கள் வழக்கறிஞர் மன்றம் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது.

எங்கள் ஊர் வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். முதலமைச்சராக இருந்த லிம் குவான் எங் மேல் 2016 ஜூனில் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று நில வகை மாற்றம், மற்றது 2.8 மில்லியன் ரிங்கிட்டுக்குச் சந்தை விலைக்குக் கீழே பங்களா வாங்கினார் என்பது. அப்போது அவர் ஆதரவாளர்கள் சொன்ன சொல் "அரசியல் பழிவாங்கல்". 2018 மே மாதம் ஆட்சி மாறியது, அவர் நிதியமைச்சரானார். செப்டம்பர் 3-ஆம் தேதி அரசுத் தரப்பு வழக்கை மீட்டுக்கொள்ள, பினாங்கு உயர் நீதிமன்றம் அவரை முழுமையாக விடுதலை செய்தது. வழக்கை விசாரித்த எஸ்பிஆர்எம், தான் அதிர்ச்சியடைந்ததாக அறிக்கை விட்டது. இப்போது "அரசியல்" என்று கத்தியது எதிர்த் தரப்பு.

ஐந்து ஆண்டு கழித்து 2023 செப்டம்பர் 4. துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடி மேல் 47 குற்றச்சாட்டுகள். முகாந்திரம் இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் ஏற்கெனவே 2022-லேயே சொல்லி, அவர் எதிர்வாதம் செய்துகொண்டிருந்த நேரம். அரசுத் தரப்பு எழுந்து, வழக்கைத் தொடரப்போவதில்லை என்றது. அதே வாரத்தில் சட்டத்துறைத் தலைவரும் மாறினார். முன்பு கைதட்டியவர்களில் பலர் இப்போது முகம் சுளித்தார்கள்.

ஆனால் ஸாஹிட்டுக்கு அன்று கிடைத்தது விடுதலை அல்ல, டிஎன்ஏஏ, அதாவது விடுதலை ஆகாத விடுவிப்பு. இந்த நான்கெழுத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254-ஆவது பிரிவுப்படி, தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் அரசுத் தரப்பு விலகிக்கொள்ளலாம். அப்படி விலகினால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்படுவார். நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டாலொழிய அது விடுதலை ஆகாது. அதே வழக்கு நாளைக்கே மறுபடி வரலாம்.

நான் வழக்காடிய பையன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. காப்பிக்கடை வாசலில் நடந்த ஓர் அடிதடி. முக்கியச் சாட்சி ஊரைவிட்டே போய்விட்டார், அரசுத் தரப்பால் கண்டுபிடிக்க முடியவில்லை. டிஎன்ஏஏ கொடுத்து ஜாமீன் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை அவன் அம்மா தண்ணீர்மலையிலிருந்தே போன் செய்தார், "முருகனுக்குத் தேங்காய் உடைச்சிட்டேன்மா, எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று. முடியவில்லை என்பதை எப்படிச் சொல்வது? சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

போட்ட வழக்கையும் மீட்டுக்கொண்ட வழக்கையும் பற்றி இவ்வளவு பேசும் நாம், போடாத வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை. என் அனுபவத்தில் பாரபட்சம் பதுங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. 2015 ஜூலையில் சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உடல்நலம் காரணம் என்றார்கள். அடுத்து வந்த முகமட் அபாண்டி அலி 2016 ஜனவரி 26 அன்று, அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லி எஸ்பிஆர்எம் கோப்புகளை மூடச் சொன்னார். அவற்றில் எஸ்ஆர்சி என்ற அரசு நிறுவனத்தின் பண விவகாரமும் இருந்தது. ஆட்சி மாறிய பின் அதே எஸ்ஆர்சியின் 42 மில்லியன் ரிங்கிட் வழக்கானது. 2020 ஜூலையில் நஜிப்புக்கு 12 ஆண்டுச் சிறை. 2022 ஆகஸ்ட் 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கு போட்டதில் அரசியல் இருந்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். போடாமல் மூடி வைத்ததில் இருந்தது என்னவாம்?

உள்நோக்கம் வேறு, ஆதாரம் வேறு. கெட்ட எண்ணத்தோடு போட்ட வழக்கிலும் குற்றம் உண்மையாக இருக்கலாம். நல்ல எண்ணத்தோடு போட்ட வழக்கு சாட்சியில்லாமல் விழலாம். நீதிபதி முன்னால் "இது அரசியல்" என்று மட்டும் சொல்லி நான் ஒரு வழக்கையும் ஜெயித்ததில்லை. சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமை எல்லையற்றது அல்ல, அரிதான சூழலில் நீதிமன்றம் அதை மறுஆய்வு செய்யலாம் என்று சுந்தரா ராஜு வழக்கில் 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. கதவு திறந்ததென்னவோ உண்மைதான், ஒருக்களித்து.

நம் சமூகத்துக்கு நெருக்கமான ஒன்று. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் 12 பேரைப் பிடித்தார்கள். சாமிநாதன், குணசேகரன் என்ற இரு சட்டமன்ற உறுப்பினர்களும் அதில் உண்டு. இருவரும் அப்போதைய ஆளுங்கூட்டணிக்காரர்கள். அந்தத் தீபாவளி அவர்களுக்குக் காவலில் போனது. 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் எல்லா வழக்குகளையும் கைவிட்டார். தண்டனை கிடைக்க வாய்ப்பில்லை, கைப்பேசியில் ஒரு தலைவரின் படம் வைத்திருப்பதைப் பயங்கரவாதமாக்க முடியாது என்று நீண்ட அறிக்கையில் விளக்கினார். உடன்படாதவர்கள் அந்த அறிக்கையை வரி வரியாக எதிர்க்க முடிந்தது. அதற்காகவே அதை நான் மதிக்கிறேன். அடுத்த சில நாளில் ஆட்சியே கவிழ்ந்தது வேறு கதை.

அதனால் செய்தி வரும்போது நான் முதலில் தேடுவது காரணத்தை. வழக்கை யார் மீட்டார்கள், விசாரணை எந்தக் கட்டத்தில் இருந்தது, நீதிமன்றத்தில் சொன்ன காரணம் பொதுமக்கள் படிக்கக் கிடைக்கிறதா, கிடைத்தது டிஎன்ஏஏவா விடுதலையா. பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன். வாட்ஸ்அப்பில் "நீதிபதியை வாங்கிட்டாங்க" என்று வந்தால் அனுப்பாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். வாசகர்கள் நீதித்துறையைப் பற்றி எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித் தளம் 2021-இல் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் கட்டியிருக்கிறது. பெரியவர் உடனே கைப்பேசியை எடுத்து எதையோ அழித்தார்.

அந்தப் பையனின் அம்மாவை ஒவ்வொரு தைப்பூசத்திலும் பார்க்கிறேன். ரதம் வரும் வழியில், உடைக்க அடுக்கி வைத்த தேங்காய்களுக்குப் பக்கத்தில் நிற்பார். என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையைப் பிடித்துக்கொள்வார்.

"கடுதாசி ஏதும் வந்துச்சாம்மா?"