பழைய நோட்ஸை எடுத்துவிடுவதும் நம் வேலைதான்

மும்பையில் பள்ளி ஆசிரியர்களாக இருக்கும் தமிழர்களில் சிலர் மாணவர்களுக்காகச் சொந்தத்தில் ஆளுக்கொரு இணையதளம் நடத்துகிறோம். யாரும் சம்பளம் தருவதில்லை. பள்ளி முடிந்து, லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வந்து, வீட்டு வேலையும் பேப்பர் திருத்துவதும் முடிந்தபிறகு ராத்திரி உட்கார்ந்துதான் பாடம் ஏற்றுகிறோம். இப்படி உழைப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: புதிதாக ஏற்றுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே போட்டதைச் சரிபாருங்கள், காலாவதியானதைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

நான் நடத்தும் பத்தாம் வகுப்பு அறிவியலையே எடுத்துக்கொள்ளலாம். மகாராஷ்டிர ஸ்டேட் போர்டில் இதற்குப் புதுப் புத்தகம் 2018-ல் வந்தது. பாகம் 1, பாகம் 2 என்று இரண்டு புத்தகம், ஒவ்வொன்றுக்கும் 40 மதிப்பெண்ணுக்குத் தனித்தனித் தேர்வு. முதல் பாடமே ஈர்ப்பு விசை. சிபிஎஸ்இ பிள்ளைகளோ அதை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். தனிம வரிசை அட்டவணை ஸ்டேட் போர்டின் பாகம் 1-ல் இரண்டாவது பாடம்; பரிணாமம் பாகம் 2-ல் உண்டு. ஆனால் சிபிஎஸ்இ பிள்ளைகள் படிக்கும் புத்தகங்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி 2022-ல் பாடங்களைக் குறைத்தபோது பத்தாம் வகுப்பிலிருந்து இந்த இரண்டுமே போய்விட்டன. அதாவது ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்திக்குத் தனிம வரிசை தேர்வுக்கு உண்டு, இன்னொருத்திக்குக் கிடையாது.

இப்போது தாராவியில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒரே போன், அது அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் போன். அவர் திரும்பி வந்து சாப்பிட்டு முடிக்கும்வரைக்கும்தான் அது மகள் கையில். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் 'பத்தாம் வகுப்பு அறிவியல் முக்கியக் கேள்விகள்' என்று தேடுகிறாள், சிபிஎஸ்இ-க்காக யாரோ நல்ல மனசோடு எழுதிய 'இந்தப் பாடம் நீக்கப்பட்டது, படிக்க வேண்டாம்' என்ற பக்கம் வருகிறது, எந்த போர்டு என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவள் நம்பிவிடுவாள். ஏன் நம்பமாட்டாள், எழுதியவர் ஆசிரியர் ஆயிற்றே! டியூஷன் போகிற பிள்ளை மறுநாள் சாரிடம் கேட்டுச் சரி செய்துகொள்ளும். கேட்க ஆள் இல்லாத பிள்ளைதான் நம் தளத்துக்கே வருகிறது, அதனால் நம் தளத்தில் இருக்கும் தப்பு நேராக அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும்.

ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் நான்கு விவரம் கட்டாயம் இருக்கட்டும்: எந்த போர்டு, எந்த வகுப்பு, எந்த வருடத்துப் புத்தகம், கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள். இது தலைப்பைவிட முக்கியம் என்பேன்.

பாடத்திட்டம் மாறாவிட்டாலும் பக்கம் பழசாகும். கிலோகிராமுக்கு பிளாட்டினம்–இரிடியம் உருளையை வைத்து வரையறை சொல்லும் பதினோராம் வகுப்பு நோட்ஸ் இன்னும் எத்தனையோ தளங்களில் கிடக்கிறது. 2019 மே 20-லிருந்து அந்த வரையறை இல்லை, பிளாங்க் மாறிலியை வைத்துதான் கிலோகிராம். அப்புறம் ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்த அனிமேஷன்கள். அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷைக் கைவிட்டது, அதற்குப் பிறகு அந்தப் பக்கங்களில் பிள்ளைகள் பார்ப்பது வெறும் கட்டத்தை. அறிவியல் அனிமேஷன் மாதிரிகளைத் தரும் ஃபெட் (PhET) போன்ற தளங்கள் தங்கள் மாதிரிகளை போனிலேயே ஓடும்படி எச்டிஎம்எல்5 என்ற புது வடிவத்துக்கு மாற்றியிருக்கின்றன, லிங்க்கை மாற்றினால் தீர்ந்தது. எல்லாக் கருவியிலும் தமிழ் ஒரேபோலத் தெரியவைக்கும் யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ் நோட்ஸும் அப்படித்தான், நம் கணினியில் அழகாகத் தெரியும், அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஏதோ குறிகள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. பிப்ரவரி, மார்ச் எஸ்எஸ்சி என்னும் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கும் பேப்பர் திருத்தவும் போய்விடும். நடுவில் தேர்தல் வேலைக்கோ சென்சஸுக்கோ பெயர் வந்தால் போயாக வேண்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு ஆசிரியர்களை அனுப்ப இடம் தருகிறது. எனவே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குவேன் என்ற திட்டம் நிற்காது, அதை நம்பாதீர்கள். மே விடுமுறைதான் நமக்குக் கிடைப்பது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எல்லாப் பக்கத்தையும் புதுப் புத்தகத்தோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள், தீபாவளி விடுமுறையில் லிங்க்குகளை மட்டும் சோதியுங்கள். ஒரு மே மாதத்தில் நீங்கள் ஒத்துப் பார்க்க முடிகிற அளவுதான் உங்கள் தளத்தின் அளவாக இருக்க வேண்டும். முப்பது பக்கம்தான் முடியும் என்றால் முப்பது போதும்.

பாடப்புத்தகத்தை நாமே ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. மகாராஷ்டிர ஸ்டேட் போர்டு புத்தகங்களை வெளியிடும் பால்பாரதி தன் தளத்திலேயே பிடிஎஃப் தருகிறது, லிங்க் கொடுத்தால் எப்போதும் புதுப் பதிப்பாகவே கிடைக்கும். கைடு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாடம் நடத்தும்போது ஒரு பகுதியை நகலெடுத்துக் கொடுக்க 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது, முழுக் கைடையும் இணையத்தில் பொதுவாகப் போடுவது அதில் சேராது.

வினாடி வினாவுக்குப் பெயர், பள்ளி, போன் நம்பர் கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைதான், அவர்கள் விவரத்தை வாங்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். விடையை அதே பக்கத்தின் கீழே கொடுத்துவிட்டால் எந்த விவரமும் தேவைப்படாது.

கடைசியாக டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். புதுப்பிக்க மறந்தால் அந்தப் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பிள்ளைகள் பாடம் படித்த முகவரியிலேயே சூதாட்ட விளம்பரம் ஓடலாம். இனி நடத்த முடியாது என்று முடிவெடுத்தால்கூட உடனே விட்டுவிடாதீர்கள். ஏப்ரலிலேயே முகப்பில் அறிவிப்புப் போட்டு, நோட்ஸை பிடிஎஃபாக எடுத்துக்கொள்ளச் சொல்லி, பிறகு பக்கங்களை எடுத்துவிட்டு, டொமைனை மட்டும் இன்னும் சில வருடம் உங்கள் பெயரிலேயே கட்டி வையுங்கள்.